வியவசாயமும் விவசாயமும்: ஓர் ஆய்வு எதை அளக்கிறது?

போன வருடம் எங்கள் பள்ளிக்கு ஓர் எம்.எட். மாணவி வந்தார். குடும்பச் சூழலுக்கும் படிப்பில் உள்ள ஆர்வத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய ஆய்வுத் தலைப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான்கு பக்கக் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மூலம் மலையாளம். தமிழ் தெரிந்த தோழி ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்தாராம்.

எங்கள் பள்ளி பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ் வழி. வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும். தேங்காய், கடலை, கறவை மாடு என்று பிழைக்கிற ஊர். கேள்வித்தாளில் 'அப்பாவின் தொழில்' என்ற இடத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. கூலி, வியாபாரம், பயிர்த்தொழில், அரசு வேலை, வியவசாயம், மற்றவை. பாதிப் பிள்ளைகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் 'வியவசாயம்' கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, "டீச்சர், விவசாயத்தைத் தப்பா எழுதியிருக்காங்க" என்றான்.

தப்பாக எழுதவில்லை. மலையாளத்தில் வியவசாயம் என்றால் தொழிற்சாலை, பெருந்தொழில் என்று பொருள். மொழிபெயர்த்தவர் அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார். பயிர்த்தொழில் என்ற கட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அந்தத் தாள் அப்படியே கணினிக்குப் போயிருந்தால், ஒரு ஏக்கர் கடலை போடுகிறவரும் இரண்டு மாடு கறக்கிறவரும் தொழிலதிபர்கள் ஆகியிருப்பார்கள். 'எல்லையோரத் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் குறைவு' என்றுகூட ஒரு முடிவு அச்சேறியிருக்கும். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

இந்த வகைக் கோளாறுக்கு ஆராய்ச்சி முறையியலில் ஒரு பெயர் உண்டு. ஏற்புடைமை இல்லாமை. பி.எட். படித்தவர்கள் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்திருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது எங்கள் ஊர் பால் சொசைட்டியில்.

சொசைட்டியில் பாலுக்குள் லாக்டோமீட்டரை மிதக்க விடுவார்கள். அது காட்டுவது பாலின் அடர்த்தி. பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், கருவி கூடுதலாக அமிழும். ஒரே பாலில் பத்து முறை விட்டாலும் ஒரே கோட்டில்தான் நிற்கும். அது நம்பகத்தன்மை. ஆனால் ஆடையை வழித்தெடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடிவிடும். அப்புறம் அளவாகத் தண்ணீர் விட்டால் பழைய கோட்டுக்கே வந்துவிடும். கருவி 'நல்ல பால்' என்று சொல்லும், பத்து முறையும் சொல்லும். அதனால்தான் கொழுப்பையும் தனியாகப் பார்க்கிறார்கள். லாக்டோமீட்டரில் பழுது ஒன்றும் இல்லை. அடர்த்தியைத் தரம் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. அளவு மாறாமல் வருவது நம்பகத்தன்மை என்றால், அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை.

பாலிலாவது கொழுப்பைப் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. அறிவுத்திறன், ஆர்வம், தன்னம்பிக்கை, சுயகட்டுப்பாடு எல்லாம் கண்ணால் பார்க்க முடியாதவை. கேள்வி கேட்டு, விடையைப் பார்த்து, 'உள்ளே இது இருக்கிறது' என்று ஊகிக்கிறோம். அந்த ஊகம் பிசகுவது எவ்வளவு எளிது என்பதற்கு உளவியலின் வரலாறே சாட்சி.

1917-ல் அமெரிக்க ராணுவம் ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளர் தலைமையில் அறிவுத்திறன் சோதனைகளைத் தொடங்கியது. சுமார் 17 லட்சம் பேர் சோதிக்கப்பட்டார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனியாகப் படச் சோதனை வைத்தார்கள். ஒரு படத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று வரைந்து காட்ட வேண்டும். டென்னிஸ் ஆட்டத்தில் வலை இல்லை. கிராமபோனில் குழாய் இல்லை. இத்தாலியிலிருந்தோ போலந்திலிருந்தோ கப்பலில் வந்திறங்கிய ஓர் ஏழைக் கூலி டென்னிஸை எங்கே பார்த்திருப்பார்? ஆனால் அவர் வாங்கிய குறைந்த மதிப்பெண், அறிவு குறைவு என்று பதிவானது. அந்தத் தரவை வைத்து 1923-ல் கார்ல் பிரிகம் என்பவர், தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று ஒரு நூல் எழுதினார். 1930-ல் அவரே அந்த முடிவுக்கு அடிப்படை இல்லை என்று எழுதித் திரும்பப் பெற்றார். ஏழு வருடம்! அதற்குள் அந்த எண்களை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1931, 32-ல் ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் இப்படிக் கேட்டார்: பனி உள்ள தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பலர் விடை சொல்லவில்லை. நான் அங்கே போனதில்லை, போய்ப் பார்த்தவரிடம் கேளுங்கள் என்கிற மாதிரிதான் பதில் வந்தது. தர்க்கமாக யோசிக்கத் தெரியாதவர்கள் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிலிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது: கண்ணால் பார்க்காததைப் பற்றி உறுதி சொல்லக் கூடாது. 'நான் சொல்வதை உண்மை என்று வைத்துக்கொண்டு விடை சொல்' என்பது பள்ளிக்கூடம் பழக்கித் தரும் ஒரு விளையாட்டு. அந்தக் கேள்வி எதை அளந்தது, யோசிக்கும் திறனையா, பள்ளிக்கூடப் பழக்கத்தையா?

இதைப் படித்த பிறகு என் வகுப்புக் கணக்குத் தேர்வையே வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். நான்கு வரியில் ஒரு கணக்கு. வாக்கியம் புரியாததால் பூஜ்யம் வாங்குகிற பிள்ளை, அதையே வாயால் சொன்னால் மனக்கணக்காகப் போட்டுவிடுகிறாள். அவளுடைய தாள் அளந்தது கணக்கையா, வாசிப்பையா? இரண்டு மொழிக்கு நடுவில் வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் 'மந்தம்' என்று குறிப்பது அநியாயம். அந்தக் குறிப்பு அடுத்த வகுப்புக்கும் கூடவே போகும்.

அளவுகோலே நடுவில் மாறிவிடுவதும் உண்டு. கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 2020-ல் 41,906 பேர். 2021-ல் 1,21,318 பேர். 2022-ல் 44,363 பேர். ஒரே வருடத்தில் மூன்று மடங்கு அறிவு பெருகி, அடுத்த வருடமே வற்றிவிட்டதா? 2021 கொரோனா காலம். 'ஃபோகஸ் ஏரியா' என்று முக்கியப் பகுதிகளைக் குறித்துக் கொடுத்தார்கள், தேர்ந்தெடுத்து எழுதக் கூடுதல் கேள்விகளும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் நிலைமைக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அந்த மூன்று எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டு 'கற்றல் ஏறியது, இறங்கியது' என்று பேச முடியாது.

அளவு பிசகுவதற்குச் சார்பும் ஒரு காரணம். சரி, சார்பு என்பது என்ன? பேச்சு வழக்கில் சார்பு என்றால் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பது. ஆராய்ச்சியில் அதற்குப் பொருள் கொஞ்சம் வேறு. முடிவை எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளுகிற பிழைதான் சார்பு. தற்செயல் பிழை ஒரு தடவை கூட்டும், ஒரு தடவை குறைக்கும். நிறையப் பேரை அளந்தால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சார்பு அப்படிப் போகாது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் ஆயிரம் முறை நிறுத்தாலும் அந்தப் புளியும் சேர்ந்துதான் நிற்கும். இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. நல்ல மனசோடு செய்கிற ஆய்விலும் இது நுழையும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதிலேயே தொடங்கிவிடும். முதலமடையில் மாம்பழ சீசன் வந்துவிட்டால் சில வீடுகளில் பெரியவர்கள் விடிவதற்கு முன்பே தோப்புக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நின்றுவிடும். அன்றைக்குப் பள்ளிக்கு வந்து கேள்வித்தாளை விநியோகித்தால், வந்த பிள்ளைகளைப் பற்றித்தான் தெரியும். யாரைப் பற்றி அதிகம் தெரிய வேண்டுமோ அந்தப் பிள்ளை தாளிலேயே இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பார்க்க 2005 முதல் நடத்தும் அசர் கணக்கெடுப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போவதற்குக் காரணம் இதுதான். பள்ளியில் சேராத பிள்ளையும் அன்று வராத பிள்ளையும் வீட்டில் இருப்பார்கள் அல்லவா?

உலக அளவிலும் இதே கதைதான். 2008-ல் ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முக்கிய இதழ்கள் ஆறினை எடுத்துக் கணக்குப் பார்த்தார். ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் சுமார் 96 சதவீதம் பேர் அமெரிக்கா, ஐரோப்பா போன்ற செல்வந்த நாட்டவர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான். அதிலும் பலர் கல்லூரி மாணவர்கள். பாடப்புத்தகத்தில் 'மனிதர்கள் இப்படி நடந்துகொள்வார்கள்' என்று வரும் வாக்கியத்தைப் படிக்கும்போது, எந்த மனிதர்கள் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்வது என் பழக்கம். ஓர் இடத்தில் கண்டது இன்னோர் இடத்துக்குப் பொருந்துமா என்பதைப் புற ஏற்புடைமை என்கிறார்கள். ஆய்வுக்குள்ளேயே 'இதனால்தான் இது நடந்தது' என்று சொல்ல முடிகிறதா என்பது அக ஏற்புடைமை.

அளப்பவரின் எதிர்பார்ப்பும் அளவுக்குள் வந்துவிடும். இதை ஆசிரியர்களாகிய நாம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 2012-ல் ரெமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியாவில் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. பிள்ளைகளைத் தேர்வு எழுத வைத்து, விடைத்தாள்களை ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாளின் முகப்பில் வயது, பாலினம், சாதி முதலிய விவரங்கள் இருந்தன. ஆனால் அவை அந்தப் பிள்ளையின் உண்மையான விவரங்கள் இல்லை. குலுக்கிப் போட்டு ஒட்டியவை. அதனால் தாளின் தரத்துக்கும் முகப்புக்கும் சம்பந்தமே கிடையாது. அப்படியும் தாழ்த்தப்பட்ட சாதி என்று முகப்பில் இருந்த தாள்களுக்குச் சராசரியாக மதிப்பெண் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஒரு பிள்ளை பள்ளிக் காலத்தில் எத்தனை தாள் எழுதுகிறது!

எதிர்பார்ப்பு என்றதும் எல்லோரும் சொல்வது அமெரிக்க ஆய்வாளர்கள் ரோசன்தால், ஜேக்கப்சன் இருவரும் 1968-ல் வெளியிட்ட ஆய்வைத்தான். பள்ளியில் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, 'இவர்கள் இந்த வருடம் நன்றாக மலர்வார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருடக் கடைசியில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் அளவு மற்றவர்களைவிடக் கூடியது. பயிற்சி வகுப்புகளில் இதை வேத வாக்கு போலச் சொல்வார்கள். ஆனால் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புகளில்தான். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை பொருத்தமாக அமையவில்லை என்று ராபர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் அதே வருடம் கடுமையாக விமர்சித்தார். சார்பைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக்கே ஏற்புடைமைச் சிக்கல்! எதிர்பார்ப்பு வேலை செய்கிறது என்பதை நான் நம்புகிறேன். மாயாஜாலம் போல வேலை செய்யும் என்று சொல்வதைத்தான் நம்பவில்லை.

அளக்கப்படுகிறவரும் மாறுவார். கண்காணிப்பாளர் வருகிற நாளில் எந்தப் பள்ளியில் கரும்பலகை பளிச்சென்று இல்லை? ஆந்திராவில் இதற்கு நல்ல சான்று கிடைத்தது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வு, 2010-ல் வெளியானது. அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு, அவர்களுடைய பிள்ளைகள் எதில் தேர்ச்சி, எதில் தடுமாற்றம் என்று விவரமான அறிக்கை கொடுத்தார்கள். இடையிடையே வகுப்பறைக்குப் போய்ப் பார்த்தும் வந்தார்கள். பார்க்கப் போனபோதெல்லாம் அறிக்கை வாங்கிய பள்ளிகளில் ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்தார்கள். ஆனால் வருடக் கடைசியில் தனியாக நடத்திய தேர்வில், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஒன்றும் வாங்கவில்லை. வகுப்பறைப் பார்வையோடு நிறுத்தியிருந்தால் 'திட்டம் வெற்றி' என்று எழுதியிருப்பார்கள். பிள்ளைகளையும் தனியாக அளந்து பார்த்ததால் உண்மை வெளியே வந்தது.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. இதில் நானே பல வருடம் ஏமாந்திருக்கிறேன். மாதத் தேர்வில் கடைசியில் நின்ற பத்துப் பேரைப் பிரித்து, சாயங்காலம் தனி வகுப்பு எடுத்தேன். அடுத்த தேர்வில் பத்தில் ஏழு பேர் ஏறினார்கள். எவ்வளவு சந்தோஷம்! ஆனால் அந்தப் பத்துப் பேர் எப்படிக் கடைசிக்கு வந்தார்கள்? சிலருக்கு உண்மையிலேயே பாடம் எட்டவில்லை. சிலருக்கு அன்று காய்ச்சல். ஒருத்தி முந்தின ராத்திரி முழுக்கத் திருவிழாவில் கண் விழித்தவள். அந்த நாளின் துரதிர்ஷ்டம் அடுத்த தேர்வில் அதே அளவுக்கு இருக்காது. ஆகவே நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்களில் சிலர் தங்கள் வழக்கமான இடத்துக்கு ஏறியிருப்பார்கள். அதேபோல முதலில் வந்தவர்களில் சிலர் இறங்குவார்கள். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதற்குப் பெயர்.

உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதைக் கண்டார். 'பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், திட்டினால் நன்றாக ஓட்டுகிறான். அதனால் திட்டுவதே நல்லது' என்று ஒரு பயிற்சியாளர் சொன்னாராம். மிக நன்றாக ஓட்டிய அடுத்த முறை கொஞ்சம் இறங்குவதும், மிக மோசமாக ஓட்டிய அடுத்த முறை கொஞ்சம் ஏறுவதும் தானாக நடப்பது. பாராட்டுக்கும் திட்டுக்கும் அதில் வேலையே இல்லை. நம் பள்ளிகளில் 'நாலு போடு போட்டால்தான் படிப்பான்' என்ற நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடித்த பிறகு மதிப்பெண் ஏறியதைக் கண்ணால் பார்த்தவரிடம் என்ன சொல்லி மறுப்பது?

மறுக்க ஒரே வழி, ஒப்பிட ஒரு குழு வைப்பது. கடைசியில் நின்ற இருபது பேரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, பத்துப் பேருக்கு இந்த மாதம் தனி வகுப்பு, மற்றப் பத்துப் பேருக்கு அடுத்த மாதம். இரண்டு பக்கமும் காய்ச்சல் உண்டு, திருவிழா உண்டு, ஒரு மாதம் வயது கூடுவதும் உண்டு. முதல் பத்துப் பேர் மற்றப் பத்துப் பேரைவிட எவ்வளவு கூடுதலாக ஏறினார்கள் என்பதுதான் தனி வகுப்பின் கணக்கு. குலுக்கல் முக்கியம். நாமே பார்த்துப் பிரித்தால், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகளை நம்மை அறியாமலே நம் பக்கம் சேர்த்துக்கொள்வோம்.

இதையெல்லாம் தாண்டி வந்த ஆய்வும், வெளிச்சத்துக்கு வருவதில் ஒரு சார்பு இருக்கிறது. 'வித்தியாசம் கண்டோம்' என்ற ஆய்வு இதழில் வரும். 'ஒன்றும் காணவில்லை' என்பது அலமாரியில் தூங்கும். 2015-ல் பெரிய ஆய்வாளர் குழு ஒன்று உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'வித்தியாசம் உண்டு' என்றவை. திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. இதை அவர்களே செய்து, அவர்களே வெளியிட்டார்கள். எனக்கு இந்தத் துறையின் மேல் மதிப்பு கூடியது அதனால்தான்.

அந்த எம்.எட். மாணவிக்குத் திரும்ப வருகிறேன். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "திருப்பி மொழிபெயர்த்தும் பார்த்தோம் டீச்சர், சரியாகத்தான் வந்தது" என்றார். வினாத்தாளை வேறொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பிப் பார்ப்பது நல்ல முறைதான், உலகெங்கும் செய்கிறார்கள். ஆனால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் 'வியவசாயம்' என்பதைப் பார்த்தால் மலையாளத்தில் அதையே எழுதுவார். சொல் பழுதில்லாமல் திரும்பி வரும். இந்தப் பக்கம் வயலில் நிற்கிற அப்பாவை நினைத்து அதைப் படிக்கிற பிள்ளை அந்தச் சோதனையில் எங்குமே வரவில்லை.

"நாளைக்கு அஞ்சு பிள்ளைகளை உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லு கண்ணு. டிக் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு கேள்வியும் என்ன கேக்குதுன்னு அவங்க வாயால சொல்லட்டும்" என்றேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்திலேயே நான்கு சொற்கள் அடிபட்டன. இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'வகுப்பில் பேச உங்களுக்கு அவசரம் கிடைக்கிறதா?' மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. ஒரு சிறுமி அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு அவசரமே இல்லைங்க டீச்சர், நான் மெதுவாத்தான் பேசுவேன்" என்றாள்.

மாணவி அதை அடித்துவிட்டு 'வாய்ப்பு' என்று எழுதினார். அந்தச் சிறுமி எட்டிப் பார்த்து, "ஓ, சான்ஸா?" என்றாள். அதையும் அடித்துவிட்டு 'சான்ஸ்' என்று எழுதிக்கொண்டார்.